வரியே கட்டாதவருக்கு வரிச்சலுகை எதற்கு?

டொரொன்டோவில் இருக்கும் நம்மவர்கள் பிப்ரவரி வந்தால் கிளப்புகிற கேள்வி ஒன்று உண்டு. ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போடுவதா, டி.எஃப்.எஸ்.ஏ.யில் போடுவதா? முன்னது 1957-இல் வந்தது. போடும்போது வரிக்கழிவு, எடுக்கும்போது வரி. பின்னது 2009-இல் வந்தது. வரி கட்டிய பணத்தைப் போடணும், எடுக்கும்போது வரி கிடையாது.

கணக்கு ரொம்பச் சின்னது. சம்பாதித்தது 100, வரி 20 சதவீதம், பணம் இரட்டிப்பாகுது என்று வையுங்கள். டி.எஃப்.எஸ்.ஏ.யில் 80 போட்டால் 160. ஆர்.ஆர்.எஸ்.பி.யில் 100 போட்டால் 200, அதில் 40 வரி போக அதே 160. இன்றைய விகிதமும் நாளைய விகிதமும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். இன்று வரி அதிகம், வயதான பிறகு குறைவு என்பவருக்கு மட்டுமே ஆர்.ஆர்.எஸ்.பி. லாபம்.

இந்தக் கணக்கைச் செட்டிகுளத்துக்குக் கொண்டுவந்து, சின்ன வெங்காயம் போடுகிற ஒருவருக்குப் பொருத்திப் பார்த்தேன். இங்கே அந்த ஜோடிக்குப் பக்கத்தில் வருவது 1968-இல் தொடங்கிய பி.பி.எஃப்., 2009-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட என்.பி.எஸ். இரண்டையும் ‘வரி மிச்சம்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் விவசாய வருமானத்துக்கு வருமான வரியே கிடையாது. இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? (புதிய வரி முறைக்குப் போன சம்பளக்காரர்களுக்கும் சொந்தமாகப் போடும் பணத்துக்கு இந்தக் கழிவு இல்லை. அது பலருக்கு இன்னும் உறைக்கவில்லை.)

வரியைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஒரே கேள்வி: பணத்தை எப்போது தொடலாம்? பட்டறை போட்டு வைத்த வெங்காயம் விலை இல்லாமல் கிடக்கும், அல்லது திருகல் நோய் வந்து விதை வெங்காயத்துக்குப் போட்ட காசே போயிடும். அடுத்த நடவுக்குப் பணம் வேணும்.

பி.பி.எஃப். 15 வருடக் கணக்கு, ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை. ஆனாலும் 3-ஆம் ஆண்டிலிருந்து 6-ஆம் ஆண்டு வரை அதன்மேல் கடன் வாங்கலாம், 7-ஆம் ஆண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: கடன்காரர் நீதிமன்றம் போனாலும் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. கந்துவட்டி புழங்குகிற ஊர்களில் அது சின்ன விஷயமில்லை.

என்.பி.எஸ்.ஸில் 3 வருடம் கழித்து, நாம் போட்டதில் 25 சதவீதம்தான் எடுக்கலாம். அதற்கும் படிப்பு, கல்யாணம், வீடு, நோய் என்று காரணப் பட்டியல் இருக்கு. பயிர் போச்சு என்பது அதில் இல்லை. 60 வயதில் ஒரு பகுதியைக் கட்டாயமாக ஓய்வூதியத் திட்டத்தில் போடணும். ரொம்ப நாள் 40 சதவீதமாக இருந்ததை 2025 டிசம்பரில் அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு 20 ஆகக் குறைத்தார்கள். பங்குச் சந்தை வளர்ச்சி அதன் பலம், மறுக்கலை. பி.பி.எஃப். வட்டி 2020 ஏப்ரலில் 7.1 சதவீதத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. ஆனால் வெங்காயத்திலேயே போதுமான சூதாட்டம் இருக்கே.

என் கணக்கில் முதலில் பி.பி.எஃப். மாதாமாதம் ஏதாவது வரணும் என்கிறவர் 40 வயதுக்குள் இருந்தால் அஞ்சலகத்திலோ வங்கியிலோ அடல் பென்ஷன் யோஜனாவைக் கேட்கலாம். 60-க்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 வரை. 2022 அக்டோபரிலிருந்து வருமான வரி கட்டுகிறவர்கள் அதில் புதிதாகச் சேர முடியாது. வரி கட்டாதவருக்கென்றே இருக்கும் கதவுகளில் அதுவும் ஒன்று.