உங்களுக்குத் தெரியுமா? குடல் அழற்சியும் புதுக் குளிசையும்

பெருங்குடல் அழற்சிக்கு இன்றும் எழுதிக் கொடுக்கப்படும் சல்பாசலசின், முதலில் மூட்டுவாதத்துக்காக உருவான மருந்து. சுவீடன் நாட்டுப் பெண் வைத்தியர் நன்னா ஸ்வார்ட்ஸ் 1940களின் தொடக்கத்தில் அதைக் குடல் நோயாளருக்கும் கொடுத்தார், மருந்து கேட்டது.

இதைத் தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகலாம். பயந்து நிறுத்தாதீர்கள், அது மருந்தின் நிறம்தான். ஆண்களுக்கு விந்தணு குறையவும் கூடும். மருந்தை மாற்றினால் சில மாதங்களில் பழைய நிலை திரும்பும். பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் இதைக் கிளினிக்கில் கூச்சப்படாமல் கேட்கவேண்டும்.

குடல் அழற்சிக்குக் கொடுக்கப்படும் இன்னொரு மருந்தான அசத்தயோபிரினுக்குப் பொறுமை தேவை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஆசியர் சிலரின் மரபணு அமைப்பால் இம்மருந்து வெள்ளணுக்களைச் சடுதியாகக் குறைத்துவிடும். ஆகவே ஆரம்ப வாரங்களின் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது. காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அன்றே காட்டுங்கள்.

கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை வாசகர்களுக்கு ஒன்று: பகல் வேளைக் குளிசையை ஸஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ மாற்றலாமா என்று ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தக் குர்ஆனிலேயே சலுகை உண்டு. ஸ்டீரொயிட் குளிசையான பிரெட்னிசொலோனை மட்டும் ஒருபோதும் திடீரென நிறுத்தாதீர்கள்.