பயிரின் காவலர்கள்: முடுக்கும் முத்திரையும் அடக்கும் முத்திரையும்

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தறியை ஓட்ட ஒரு விசை வேண்டும். ஊடை நூல் அறுந்தால் அதை உடனே நிறுத்த மற்றோர் அமைப்பும் வேண்டும். இரண்டில் எது பழுதானாலும் துணி பாழ். பயிர்களின் நோய் எதிர்ப்பாற்றலும் இவ்வாறே இயங்குகிறது.

செடிகளுக்கு நம்மைப்போல் இரத்த வெள்ளணுக்கள் இல்லை. ஒவ்வொரு செல்லும் தானே போராட வேண்டும். நெல்லைத் தாக்கும் குலை நோயை எடுத்துக்கொள்வோம். இந்நோயை உண்டாக்கும் பூசணத்தின் செல் சுவரில் கைட்டின் என்னும் பொருள் உள்ளது. அதன் துணுக்குகளை நெல் செல்லின் மேற்பரப்பிலுள்ள உணர்வுப் புரதங்கள் அடையாளம் காண்கின்றன. செய்தி உள்ளே எப்படிச் செல்கிறது? புதிய புரதங்களை ஆக்கும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே, இருக்கும் புரதங்களின்மீதே செல் முத்திரைகளைப் பதிக்கிறது.

முதல் முத்திரை பாஸ்பேட். கைனேஸ் என்னும் நொதிகள் இதைப் பதிக்கின்றன. முத்திரை பெற்ற புரதம் வடிவம் மாறி விழித்தெழுகிறது. அடுத்த புரதத்தையும் எழுப்புகிறது. இவ்வாறு செய்தி சில நிமிடங்களில் உட்கருவை எட்டுகிறது. இம்முறையைக் கண்டறிந்த ஃபிஷர், கிரெப்ஸ் ஆகியோர் 1992இல் நோபல் பரிசு பெற்றனர்.

இரண்டாம் முத்திரை யூபிக்விட்டின். இது 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். இது சங்கிலியாகக் கோக்கப்பட்ட புரதம் பெரும்பாலும் சிதைக்கப்படும். இதற்கான நோபல் பரிசு 2004இல் சீகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவருக்குக் கிடைத்தது.

இவ்விரு முத்திரைகளும் தனித்தனியே வேலை செய்வதில்லை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியில் 2011இல் இது தெளிவாயிற்று. பாக்டீரியாவின் கசையிழைப் புரதத்தை எஃப்.எல்.எஸ்.2 என்னும் உணர்வுப் புரதம் அறிந்ததும், அதன் துணையான பி.ஏ.கே.1 கைனேஸ் வேறிரண்டு நொதிகளுக்குப் பாஸ்பேட் முத்திரை இடுகிறது. அந்நொதிகளோ எஃப்.எல்.எஸ்.2இன்மீதே யூபிக்விட்டினைப் பதித்து அதை அழிவுக்கு அனுப்புகின்றன. அபாய மணியை அடித்த கையே அதை நிறுத்தவும் ஏற்பாடு செய்கிறது!

ஏன் நிறுத்த வேண்டும்? நெல்லில் எஸ்.பி.எல்.11 என்பது யூபிக்விட்டினைப் பதிக்கும் நொதி. அது பழுதான நெற்செடியில் நோயே இல்லாதபோதும் இலைகளில் செல்கள் மடிந்து புள்ளிகள் தோன்றுகின்றன. அச்செடி குலை நோயை நன்கு எதிர்க்கிறது. ஆனால் தன் இலையையே விலையாகக் கொடுக்கிறது.

பூசணமும் சளைத்ததல்ல. அது செல்லுக்குள் செலுத்தும் ஏவி.ஆர்.பிஸ்-டி என்ற புரதம், காவலுக்கு உதவும் ஒரு யூபிக்விட்டின் நொதியையே முடக்குகிறது என 2012இல் கண்டனர்.

நம் கோயம்புத்தூருக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்குண்டு. 1912இல் இங்கே தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கோ 39 இரகம், குலை நோய்க்கு எளிதில் இரையாவது. அதனாலேயே அது உலகெங்கும் ஆய்வுக்கு ஒப்பீட்டு இரகமாயிற்று. எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாக அதில் சேர்த்து, எது எந்தப் பூசணத்தைத் தடுக்கிறது என்று பார்த்தனர். பூசணப் புரதம் ஒன்றுக்கே அதன் பெயர் வழங்குகிறது.

எதிர்ப்பாற்றலை இடைவிடாது முடுக்கிவிட்டால் நோய் குறையலாம், விளைச்சலும் குறையும். வேண்டியபோது எழுந்து, வேலை முடிந்ததும் அடங்கும் காவலே உழவருக்குப் பயன்படும். பூசணக்கொல்லிச் செலவைக் குறைக்க விரும்பும் பயிர்ப்பெருக்க அறிஞர்கள் இவ்விரு முத்திரைகளையும் சேர்த்தே ஆராய்வது இதனால்தான்.