ஜாமீன் கிடைத்த பிறகும் சிறை ஏன்?

பிடிவாரண்ட் வந்துவிட்டாலே தண்டனை விழுந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வழக்கில் சிக்கியவர் வாய்தாவுக்கு ஒழுங்காக ஆஜராக வேண்டும். அவர் வராமல் போனால் கூட்டிவரச் சொல்லும் உத்தரவுதான் பிடிவாரண்ட். வருவார் என்ற உத்தரவாதத்தின் பேரில் வெளியே விடுவது ஜாமீன்.

எடுத்த எடுப்பிலேயே கைதுக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் தெளிவாகச் சொன்னது. தனிநபர் புகாரில் தொடங்கும் வழக்கென்றால் முதலில் சம்மன். அதை வாங்காமல் தட்டிக்கழித்தால், ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட். அதற்கும் வராதவருக்குத்தான் ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட்.

வாரண்டுக்குக் காலாவதி கிடையாது. பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும்வரை, அல்லது ஆள் பிடிபடும்வரை அது உயிரோடு இருக்கும். பத்து வருடம் கழித்தும் வீடு தேடி வரலாம். எனவே தலைமறைவாவது தீர்வல்ல. வக்கீலுடன் போய் ஆஜராகி, வராததற்கான காரணத்தைச் சொல்லி, ரத்து செய்யக் கேட்டு மனு கொடுப்பதே வழி. ரத்தான உத்தரவின் நகலைக் கையோடு வாங்கிவிட வேண்டும். மும்பையில் 2002-ல் ஒரு வழக்கறிஞர் மூன்று நாள் முன்பே ரத்தாகிவிட்ட வாரண்டின் பேரில் சுதந்திர தினத்தன்று கைதானார். நகல் அவர் கையில் இல்லை. அந்த வழக்கில்தான், ஒவ்வொரு வாரண்டையும் எண்ணிட்டுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பொதுவாக 60 நாளில், கடும் குற்றமென்றால் 90 நாளில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது அவரது உரிமை. இதெல்லாம் ஓரளவு பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, ஜாமீன் உத்தரவு வந்த பிறகு நடப்பது.

“பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இருவர் ஜாமீன்” என்று உத்தரவு வரும். அந்த இரண்டு பேர் ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது என்று எடுத்துக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நீதிமன்றம் வர வேண்டும். பிழைக்க வந்த ஊரில் செங்கல் சூளையில் வேலை பார்ப்பவருக்கு யார் வருவார்கள்? 1978-ல் மத்தியப் பிரதேசத்தில் மோத்திராம் என்ற கொத்தனாருக்கு இதுதான் நடந்தது. பத்தாயிரத்துக்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரை ஜாமீன்தாரராக ஏற்க மறுத்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் மோத்திராமை விடச் சொன்னார். அரை நூற்றாண்டு நெருங்கியும், ஆள் கிடைக்காத ஒரே காரணத்துக்காக ஏழைகள் உள்ளே இருப்பது அநியாயம்.

சட்டம் கைவிட்டுவிடவில்லை. ஜாமீனில் விடத்தக்க குற்றமென்றால், ஒரு வாரத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காதவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும். மற்ற வழக்குகளுக்கு, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளியே போகவில்லையென்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஆள் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம்.

சிறையிலிருந்து தகவல் வரும் என்று வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. ஆணைக்குழு அலுவலகத்தில் நேரே மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ம் ஆண்டுச் சட்டம்.