சிறிய நாடும் உலக நெறியும்

நண்பர் தவறு செய்யின் கண்டிப்பதா, கண்டும் காணாதிருப்பதா? இவ்வினா குடும்பங்களில் மட்டுமன்றி நாடுகளிடையேயும் எழுவதுண்டு. சிங்கப்பூர் இதற்கு அளித்த விடை அறியத்தக்கதாகும்.

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் தனிநாடான சிங்கப்பூர், செப்டம்பர் 21ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பியம் பெற்றது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்த திரு. எஸ். ராஜரத்தினம் அதன் முதல் வெளியுறவு அமைச்சரானார். எந்நாடும் பிற நாட்டின் எல்லைக்கோ சுதந்திரத்துக்கோ எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தலாகாது என்பது ஐ.நா. சாசனத்தின் அடிப்படை நெறி. பெரும்படை இல்லாத நாட்டுக்கு இந்நெறியே அரண்.

1978ஆம் ஆண்டு டிசம்பரில் வியட்நாமியப் படை கம்போடியாவினுள் புகுந்தது. மறுமாதம் பொல் போட்டின் ஆட்சி வீழ்ந்தது. அவ்வாட்சி மிகக் கொடியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஓர் அரசின் கொடுமையைக் காரணங்காட்டி அண்டை நாடு படையெடுப்பதை ஏற்றால், நாளை எச்சிறு நாட்டுக்கும் காப்பில்லை எனச் சிங்கப்பூரும் பிற ஆசியான் நாடுகளும் வாதிட்டன. இதனால் வீழ்ந்த ஆட்சியினரின் பிரதிநிதிக்கே ஐ.நா.வில் இருக்கை நீடித்தது; அதனைப் பலர் கண்டித்தனர். இந்தியாவோ 1980ஆம் ஆண்டில் புதிய அரசை அங்கீகரித்தது. நெறியைக் காப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இது காட்டுகிறது.

1983ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் அமெரிக்கப் படை கிரெனடாத் தீவில் இறங்கியபோது உண்மைச் சோதனை வந்தது. அமெரிக்கா சிங்கப்பூரின் நட்பு நாடு. திரு. எஸ். தனபாலன் அப்போது வெளியுறவு அமைச்சர். நவம்பர் 2ஆம் நாள் பொதுச்சபை அச்செயலுக்கு வருத்தந் தெரிவிக்கும் தீர்மானத்தை 108 வாக்குகளால் நிறைவேற்றியது. சிங்கப்பூரும் அதனை ஆதரித்தே வாக்களித்தது. நண்பருக்கு ஒரு நீதி, பிறருக்கு ஒரு நீதி என்றால் கம்போடியா பற்றிய வாதம் பொருளற்றுப் போயிருக்கும் அல்லவா?

2022ஆம் ஆண்டு ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோதும் சிங்கப்பூர் அதே நிலையில் நின்றது. ஐ.நா.வில் கண்டித்ததோடு நில்லாது, பாதுகாப்பு மன்றத்தின் தீர்மானம் இல்லாமலேயே ரஷ்ய வங்கிகள் சிலவற்றின்மீது தடையும் விதித்தது. இஃது அரிய நடவடிக்கையாகும்.

இவையெல்லாம் நமக்குத் தொலைவானவை என எண்ணலாகாது. சிராங்கூன் சாலைக் கடைகளில் விற்கும் பருப்பும் வெங்காயமும் கடல் கடந்து வருபவை. உலகக் கப்பல்கள் நீரிணைகளைத் தடையின்றிக் கடக்கும் உரிமையை 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட ஒப்பந்தம் உறுதி செய்கிறது. அதனை நிறைவேற்றிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சிங்கப்பூரின் பேராசிரியர் டாமி கோ. உலக நெறி நிலைத்தால்தான் நம் அடுக்களைக்கும் அமைதி உண்டு.