தெருவில் பெர்மிட் போடலாமா?

எங்கள் ராயப்பேட்டை சந்துகளில் கார் நிறுத்த இடம் பிடிக்க வாசலுக்கு வெளியே பூந்தொட்டி வைக்கிறார்கள். ஆனா அது மாநகராட்சி ரோடு!

பெங்களூரில் 2021-இல் ஒப்புதல் பெற்ற பார்க்கிங் கொள்கை, குடியிருப்போருக்குக் கட்டண பெர்மிட் தரலாம் என்றது: ஆண்டுக்குச் சின்னக் காருக்கு 1,000 ரூபாய், பெரிய காருக்கு 5,000. ஜப்பானில் 1962 சட்டப்படி, நிறுத்த இடம் காட்டினாத்தான் கார் பதிவு.

சிவில் படிக்கிறவன் கணக்கு இது. 15 அடித் தெருவில் காருக்கு 6 அடி போனால் மீதி 9 அடி. தீயணைப்பு வண்டியே சுமார் 8 அடி. எதிரே பைக் நின்னா நுழையாது. அங்கெல்லாம் பெர்மிட்டே கூடாது.

அகலமான தெருவில் கொடுக்கட்டும். ஆனா வீட்டுப் பத்திரம் கேட்டா, வாடகைக்குக் குடியிருக்கிற எங்கப்பாவோட மீன்பாடி வண்டி எங்கே நிக்கும்?