சித்திரக்கதையும் சிறுகதையும்

சிறுகதை எழுதப் புகும் மாணவர் பலர்க்கும் பொதுவாய் நேரும் இடர் ஒன்றுண்டு. கதைப்பொருள் கையிலிருக்கும், கதைமாந்தரும் கண்முன் நிற்பர், ஆயின் எழுதி முடித்தபின் நோக்கினால் அது கதையாயிராது, கட்டுரையாகவோ சொற்பொழிவாகவோ நிற்கும். திருப்பூரையும் அதனைச் சூழ்ந்த பின்னலாடை ஊர்களையும் பற்றி எழுதுவோரிடத்து இவ்விடர் மிகுதி. பனியன் கம்பெனிகளில் உழைப்போர் வாழ்க்கை, சாயநீர் கலந்த நொய்யல், தென்மாவட்டங்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோர் படும் பாடு என எழுதவேண்டுவன ஏராளம். நம்மவரோ முதற்பக்கத்தில் ஊர் வரலாறும், நடுவில் புள்ளிவிவரமும், இறுதியில் அறவுரையும் வைத்துவிடுகின்றனர். படிப்பவர் இரண்டாம் பக்கத்திலேயே ஏட்டை மூடிவிடுகின்றார். யாருடைய துன்பத்தைச் சொல்ல எண்ணினோமோ அவருடைய துன்பம் சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது. இவ்விடர் நீங்குதற்கு, கற்றோர் பலர் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கும் சித்திரக்கதையினிடத்தே ஒரு வழி உண்டென்பது எம் கருத்து.

சித்திரக்கதை தமிழர்க்குப் புதிதன்று. தினத்தந்தியில் 1960-ஆம் ஆண்டு தொடங்கிய கன்னித்தீவு அறுபது ஆண்டுகளைக் கடந்தது. மந்திரவாதி மூசாவினாற் சிற்றுருவாக்கப்பட்ட லைலாவைப் பழைய உருவிற் காண அலையும் சிந்துபாத்தைத் தேநீர்க்கடையிலும் முடிதிருத்தகத்திலும் சந்தியாத தமிழர் அரியர். முடியாத காரியம் எதனையும் 'கன்னித்தீவு' என்று நம் வீடுகளிற் கேலி செய்வதும் வழக்கு. எனினும் நாளொன்றுக்குச் சில கட்டங்களே கொண்டு, நாளைக்கும் படிக்கவேண்டும் என்னும் வேட்கையை விட்டுச் செல்லும் அதன் திறம் இகழத்தக்கதன்று. பின்னர் 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரலாயிற்று. அதன் முதல் இதழே இரும்புக்கை மாயாவி.

இனி, சித்திரக்கதையின் அமைப்பு யாதெனிற் காண்போம். அதன்கண் உள்ளவை இரண்டே: கட்டமும், கட்டத்திற்கும் கட்டத்திற்கும் நடுவே விடப்படும் வெற்றிடமும். கட்டத்தைக் காண்பவர் பலர்; வெற்றிடத்தைக் கருதுவார் சிலரே. அமெரிக்கச் சித்திரக்கதையாளராகிய ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் வெளியிட்ட நூலில் இதனை நன்கு விளக்கியுள்ளார். ஒரு கட்டத்திற் கோடரி ஓங்கப்படுகிறது; அடுத்த கட்டத்தில் இரவு வானத்தில் ஓர் அலறல் எழுகிறது. கோடரி விழுந்ததை ஓவியர் வரையவேயில்லை. விழச் செய்தவர் படிப்பவரே என்பது அவர் கூற்றின் சாரம்.

இதனை நம் ஊர்ச் செய்தி ஒன்றில் வைத்துப் பார்ப்போம். திருப்பூர்க் குமரனைப் பற்றிக் கதை எழுதும் மாணவர் எவரும் 1904-இல் அவர் சென்னிமலையிற் பிறந்ததிலிருந்தே தொடங்குவர். நெசவுக்குடும்பம், திருமணம், காந்தியடிகளின் இயக்கம் என்று நடந்து, 1932 ஜனவரி 10-ஆம் நாள் ஊர்வலத்தை அடைவதற்குள் எழுதுவோர்க்கும் மூச்சு முட்டும், படிப்போர்க்கும் முட்டும். தடியடிக்குப் பத்து அடைமொழிகள் சேரும். அடியின் வலி மட்டும் சேராது. இதனையே கட்டங்களாக எண்ணுக. முதற்கட்டத்தில் தெருவில் நடக்குங் கால்கள். இரண்டாவதில் கொடிக்கோலைப் பற்றிய கை. மூன்றாவதில் ஓங்கிய தடி. நான்காவதில் புழுதியிற் கிடக்கும் அதே கை. கொடி இன்னும் அதனுள்ளே. அடியை எங்கும் வரையவில்லை. அது மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே படிப்பவர் நெஞ்சில் விழுகிறது. மறுநாள் அவர் உயிர் நீத்ததைச் சொல்ல ஒரு வரி போதும். சென்னிமலையும் நெசவும் வேண்டுமாயின், அக்கையின் காய்ப்பில் அவற்றைக் காட்டலாகாதோ?

தமிழ் கற்பார்க்கு இம்முறை அயலானதன்று. அகப்பாடல் ஒவ்வொன்றும் ஒரு கட்டமே. ஒருவர் கூற்று, ஒரு பொழுது, ஓர் இடம். முதற்பொருள் நிலத்தையும் பொழுதையும் வரைகிறது, கருப்பொருள் அதனுள் மரத்தையும் பறவையையும் வைக்கிறது, உரிப்பொருளோ இவற்றின் வாயிலாகவே புலனாகிறது. தலைவி பிறந்ததும் வளர்ந்ததும் அங்குக் கூறப்படுவதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டிற்கெனத் தனியே ஓர் இயல் வகுத்ததன் பயனும் ஈண்டு விளங்கும். உள்ளத்து உணர்வு உடம்பிற் புலப்படுவதே மெய்ப்பாடு. 'அவள் மிகவும் வருந்தினாள்' என்பதை ஓவியர் வரைய இயலாது. அவள் என் செய்தாள் என்பதையே வரைய இயலும். எழுத்தாளர்க்கோ 'வருந்தினாள்' என்னும் சொல் எளிதிற் கிடைக்கிறது. அவ்வெளிமையே அவர்க்குப் பகையாகிறது.

காலம் செல்வதைக் காட்டுதலும் கதையெழுதுவோர்க்குப் பெருந்தொல்லை. இதற்குச் சிலுவைப்பாதையை நினைவுகூர்தல் தகும். கத்தோலிக்கக் கோயிற் சுவர்களில் அமைந்த அப்பதினான்கு நிலைகளுள் மூன்றாவதும் ஏழாவதும் ஒன்பதாவதும் ஆண்டவர் சிலுவையின் கீழ் விழுதலையே காட்டுவன. நிகழ்ச்சி ஒன்றே, ஆயினும் மூன்றாம் முறை காணும்போது நெஞ்சின் பாரம் வேறு. இடையேயுள்ள வழியை நடப்பவரின் கால்களே நிரப்புகின்றன. கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு வேலை செய்யும் பெண்ணொருத்தியின் மூன்றாண்டுகளைச் சொல்லவேண்டின், 'ஆண்டுகள் உருண்டோடின' என்று எழுதவேண்டுவதில்லை. மூன்று சனிக்கிழமை மாலைகளில் அவள் கூலியை எண்ணுவதை மும்முறை காட்டினாற் போதும். முதலில் அவள் வளையற்கடைமுன் நிற்கிறாள். அடுத்து ஊருக்குப் பணம் அனுப்புகிறாள். இறுதியில் மருந்துக்கடைமுன் நிற்கிறாள்.

இல்லாத ஒன்றைக் காட்டுவதெப்படி என்பதற்கு இரும்புக்கை மாயாவியே ஆசிரியர். மின்சாரம் பாய்ந்தவுடன் அவர் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். அவ்வொன்றைக் கண்டே முழு ஆளையும் நாம் உணர்கின்றோம். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றுக்கும் உழவர்க்கும் அது வேண்டியதாயிருந்தது. வேலை இழந்தார்க்கோ அடியாயிற்று. இதனைக் கதையாக்குவோர் இருதரப்பு வாதங்களையும் பக்கம்பக்கமாக எழுதுவதினும், வேலை போய்ப் பன்னாட்கள் கழிந்தும் நகக்கண்ணிற் சாயம் போகாத ஒருவர், அக்கையாற் சோறு பிசைவதைக் காட்டுவாராயின், பட்டறை முழுவதும் அங்கு வந்து நிற்கும்.

செய்முறை எளிது. அரைத்தாளில் ஆறு கட்டம் இடுக. ஓவியம் வாராதார் குச்சியுருவே வரையலாம். எம்முள் பலரும் அவ்வாறே. எந்தக் கட்டத்திலும் எண்ணத்தை எழுதற்க. கண்ணாற் காண்பதையே வைக்க. பேச்சுக்குமிழில் அடங்காத பேச்சை வெட்டுக. பின்னர்க் கட்டங்களுள் ஒன்றை மூடிப் பார்க்க. அஃதின்றியும் கதை விளங்குமாயின், அதனை வெற்றிடமாக விட்டுவிடுக. அதன்பின்னரே உரைநடை எழுதத் தொடங்குக.

இம்முறைக்கும் எல்லையுண்டு என்பதை மறைத்தற்கில்லை. நொய்யலின் நிறத்தை ஓவியம் காட்டும், நாற்றத்தைக் காட்டாது. ஓவர்லாக் எந்திரங்களின் இரைச்சல் நின்ற நள்ளிரவில் ஒருத்தியின் காதில் அஃது இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதை உரைநடையே சொல்லவல்லது. கட்டங்களில் அடங்காத இவற்றிற்காகவே சொற்களைச் சேமித்து வைக்கிறோம். கட்டமிட்ட அரைத்தாளைக் கதையோடு பத்திராசிரியர்க்கு அனுப்பவேண்டுவதில்லை, கிழித்துவிடலாம்.