கசிந்த ராக்கெட்... விடாப்பிடியாக நின்ற குமரி மாவட்டத்துக்காரர்!

கல்யாணத்துக்குப் போக வேன் பிடிக்கிறோம். கிளம்புற நேரத்துல பார்த்தா டீசல் சொட்டுது. 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஏறுங்க'ன்னு டிரைவர் சொன்னா ஏறுவோமா?

2025ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் ப்ளோரிடாவில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. என்ன, வேனுக்குப் பதில் ராக்கெட்! அதில் ஏற வேண்டிய 4 பேரில் ஒருவர் நம்ம விமானப்படை வீரர் சுபான்ஷு சுக்லா.

இது முழுக்க அரசாங்கப் பயணம் இல்லை. ஏற்பாடு செய்தது ஆக்ஸியம் என்ற தனியார் கம்பெனி. வண்டி கொடுத்தது எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ். போக வேண்டிய இடம், பூமிக்கு மேலே சுமார் 400 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம். இந்தியா இதற்குக் கொடுத்தது சுமார் ரூ.550 கோடி.

ஏற்கனவே ஒரு தடவை பறந்து வந்த ராக்கெட் அது. தரையில் நிறுத்தி வைத்தபடியே 7 விநாடி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் திரவ ஆக்சிஜன் கசிவது தெரிந்தது.

ஆக்சிஜன் தானே, மூச்சு விடுற காத்து தானே என்று நினைச்சுடாதீங்க. மைனஸ் 183 டிகிரி வரை குளிர வைத்தால் அது தண்ணீர் மாதிரி ஆகிவிடும். மண்ணெண்ணெயும் இதுவும் சேர்ந்து எரிந்துதான் ராக்கெட் மேலே போகும். எஞ்சின் பக்கத்தில் இது கசிந்தால், சின்னப் பொறி கூட பெருந்தீயாகிவிடும்.

கசியும் ஆக்சிஜன் தேங்காமல் வேறு வாயுவை ஊதித் தள்ளலாம் என்பது ஸ்பேஸ்எக்ஸ் சொன்ன யோசனை. ஆனால் அங்கே இருந்த இஸ்ரோ தலைவர் நாராயணன் ஒத்துக் கொள்ளவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான இவர், இந்த மாதிரி அதிகுளிர் எரிபொருள் எஞ்சின்களிலேயே பல வருஷம் உழன்றவர். அவரிடம் போய் இதைச் சொன்னால் விடுவாரா? கசிவைச் சரி செய்து, மறுபடியும் சோதனை செய்த பிறகே ராக்கெட் கிளம்ப வேண்டும் என்று இஸ்ரோ கறாராகச் சொல்லிவிட்டது.

ஜூன் 11ம் தேதி பயணம் நின்றது. பைப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே விரிசல்! அப்படியே பறந்திருந்தால் பெரும் விபத்து ஆகியிருக்கும் என்று நாராயணனே பின்னர் சொன்னார்.

விரிசலைச் சரி செய்தார்கள். அதற்குள் விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியிலும் ஒரு கசிவு பிரச்சனை. அதையும் பார்க்க வேண்டியிருந்ததால் மேலும் சில நாள் இழுத்தது.

கடைசியில் ஜூன் 25ம் தேதி நம்ம நேரப்படி மதியம் 12 மணிக்கு ராக்கெட் கிளம்பியது. 28 மணி நேரத்தில் நிலையம் போய்ச் சேர்ந்தார்கள். வெந்தயம், பாசிப்பயறை அங்கே முளைக்க வைத்துப் பார்த்தார் சுக்லா. ஜூலை 15ம் தேதி கலிபோர்னியா பக்கம் கடலில் விண்கலம் இறங்கியது. 4 பேரும் நல்லபடியா வெளியே வந்தாங்க.